இரட்டை நெக் பெடல் ஸ்டீலில் டியூனிங் மாற்றப் போகிறீர்களா? ஸ்பானரை எடுப்பதற்கு முன் படித்துவிடுங்கள்

என் பெடல் ஸ்டீலில், அதாவது படுக்கவைத்து, பெடலும் முழங்கால் லீவரும் அழுத்திச் சுருதியை மாற்றி வாசிக்கும் கிட்டாரில், ஒரே வாரத்தில் நான்கு கம்பிகள் அறுந்தன. நான்கும் ஒரே இடத்தில்: இரண்டு நெக்குகளில் மடிக்கு அருகில் இருக்கும் உள்நெக்கின் முதல் கம்பி. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மெல்லிய கம்பியாகப் பார்த்து வாங்கிப் போட்டேன். அதுவும் அறுந்தது. ஐந்தாவதைப் போடுவதற்கு முன்னால்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நான் கேட்ட சுருதி அந்த நீளக் கம்பியால் தாங்க முடியாத சுருதி. எந்தத் தடிமனில் போட்டாலும் விதி அதேதான்.

சி6 (திறந்த கம்பிகள் சி ஆறாம் கார்டை ஒட்டி அமையும் டியூனிங்) இருந்த நெக்கை டி6 ஆக்க வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய வேலை அது. பழைய நிலைக்குத் திரும்பலாம் என்றால், பெடலின் அசைவைக் கம்பிக்குக் கொண்டுபோகும் ராடுகளைக் கழற்றியிருந்தேன், அவை எங்கே இருந்தன என்று எழுதி வைத்திருக்கவில்லை. ஏழு மாதம் போனது. கடைசியில் எனக்குப் பொருந்திய டியூனிங்கை வைக்க ஒரே ஒரு மாலைதான் ஆனது. அந்த ஏழு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் சில குறிப்புகள். நான் சொல்வது நெக்குக்கு 10 கம்பி, 8 பெடல், நான்கைந்து முழங்கால் லீவர் உள்ள, ஆல்-புல் வகைச் சேஞ்சர் கொண்ட கருவிக்கு. சேஞ்சர் என்பது கம்பியின் முனையை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பாகம். ஆல்-புல் என்றால் ஏற்றம், இறக்கம் இரண்டும் ராடை இழுப்பதால் நடக்கும். பழைய புஷ்-புல் வகைக்கு சுருதி சேர்க்கும் வரிசையே வேறு, இதை அப்படியே அதில் செய்யாதீர்கள். கம்பியை எப்போதும் நம்மிடமிருந்து தூரத்தில் இருப்பதிலிருந்து எண்ணுகிறோம். தூரத்து நெக்கை வெளிநெக் என்றும், மடிக்கு அருகில் இருப்பதை உள்நெக் என்றும் சொல்கிறேன். வழக்கமாக வெளிநெக்கில் ஈ9 என்ற டியூனிங், உள்நெக்கில் சி6 இருக்கும். ஏ முதல் ஜி வரை நான் சொல்லும் எழுத்துகள் மேற்கத்திய சுரப் பெயர்கள், ஷார்ப் என்றால் அரைச் சுரம் மேலே.

1. குனிந்து படம் எடுங்கள், அட்டவணை எழுதுங்கள்

கருவியை மெத்தையில் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். முழுதாக ஒன்று, இடது, நடு, வலது என்று மூன்று, அப்புறம் சேஞ்சர் பக்கம், ராடு நுனியில் ஏற்ற இறக்க அளவைச் சேர்க்கும் நைலான் நட்டுகள் தெரியும்படி நெருக்கமாக இரண்டு. ஒவ்வொரு ராடும் எந்தப் பெல்கிராங்கின் (தண்டோடு சுழன்று ராடை இழுக்கும் சின்னக் கை) எந்தக் காடியில், அதாவது வெட்டுப் பள்ளத்தில், மாட்டியிருக்கிறது, சேஞ்சரில் எந்தத் துளைக்குள் போகிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். மங்கலான படம் எடுத்துவிட்டு அப்புறம் வருந்தாதீர்கள்.

பிறகு ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். இடது ஓரத்தில் 1 முதல் 10 வரை கம்பிகள். அடுத்து திறந்த சுருதி, அடுத்து கம்பியின் கேஜ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன். அதன் பிறகு பெடலுக்கு ஒன்று, லீவருக்கு ஒன்று என்று பத்திகள். அரைச் சுரம் ஏறினால் ஒரு கூட்டல் குறி, முழுச் சுரம் ஏறினால் இரண்டு. இறங்கினால் அதே மாதிரி கழித்தல் குறி. ஈ9 நெக்கின் 4ஆம் கம்பி ஈ. சி பெடல் (ஈ9இன் முதல் மூன்று பெடல்களுக்கு ஏ, பி, சி என்று பெயர், இவை சுரங்கள் அல்ல) அதை எஃப் ஷார்ப் வரை ஏற்றும், எனவே இரண்டு கூட்டல். ஒரு லீவர் எஃப் வரை ஏற்றும், ஒரு கூட்டல். இன்னொரு லீவர் டி ஷார்ப்புக்கு இறக்கும், ஒரு கழித்தல். இந்த அட்டவணைக்கு இந்தத் துறையில் கோபெடென்ட் என்று பெயர்.

அட்டவணையை வெளியே கிடைக்கும் மாதிரியைப் பார்த்து நிரப்பாதீர்கள். ஒவ்வொரு பெடலாக அழுத்தி, டியூனரில் பார்த்து எழுதுங்கள். நான் பழைய கருவியாக வாங்கியதில் ஏ பெடல் 5ஆம் கம்பியை மட்டும்தான் ஏற்றியது. 10ஆம் கம்பிக்கான ராடை யாரோ எப்போதோ கழற்றியிருக்கிறார்கள். வாங்கி நாலு மாதம் எனக்கு அது தெரியவே தெரியாது, என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெடல் வரிசையையும் பார்த்துக் குறியுங்கள்: இடமிருந்து ஏ, பி, சி என்று வந்தால் அது எம்மன்ஸ் அமைப்பு. சி, பி, ஏ என்று வந்தால் டே அமைப்பு.

ஒரு மணி நேர வேலை. செலவு ஒன்றுமில்லை. இதைச் செய்யாமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.

2. உங்களுக்கு என்ன குறைகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள்

‘இன்னும் நல்ல ஒலி வேண்டும்’ என்பது வரி ஆகாது. ‘ஒரு பாட்டின் நடுவில் நெக் மாறும்போது ஃபிரெட் தொலைந்துபோகிறது’ என்பது வரி. ‘மேல் கம்பிகளில் ஏறுவரிசையாக ஓட முடியவில்லை’, ‘தாழ்வான பேஸ் போதவில்லை’, ‘கை முழுக்க உரசி வாசிக்க ஒரு மேஜர் கார்டு வேண்டும்’ இவையெல்லாம் வரி.

ஏனென்றால் பாதி ஆசைகளுக்கு டியூனிங்கையே மாற்ற வேண்டியதில்லை. ஒரு கம்பி மாற்றினால் போதும், அல்லது ஒரு லீவரில் ஒரு ராடு கூடுதலாக மாட்டினால் போதும். சி6இல் ஏறுவரிசை ஓட்டம் வேண்டுமென்பவர்கள் முதல் கம்பியை உயர்ந்த ஜியிலிருந்து டிக்கு மாற்றிப் பார்க்கலாம். 15 கேஜ் கம்பி ஒன்று, பத்து நிமிடம். அந்த டி, 2ஆம் கம்பியின் ஈக்கும் 3ஆம் கம்பியின் சிக்கும் நடுவில் விழும். பிடிக்கவில்லையா, பழைய கம்பியைத் திரும்பப் போடுங்கள்.

3. வெளிநெக்கை விட்டுவிடுங்கள்

இதில் எனக்குச் சமரசமே கிடையாது. புதிதாக வருபவர் ஈ9 நெக்கின் அடிப்படையைத் தொடக்கூடாது. பாடங்கள், தாள்கள், கூட வாசிப்பவர்களின் பேச்சு எல்லாம் அந்த நெக்கை வைத்துத்தான் நடக்கிறது. அதன் கம்பிகள் 1 முதல் 10 வரை இப்படி:

எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி.

முதல் இரண்டு கம்பிகள் மூன்றாவதைவிடத் தாழ்வானவை என்பதைக் கவனித்தீர்களா? தவறு என்று நினைத்துச் ‘சரிசெய்ய’ப் போகாதீர்கள். ஏறுவரிசை ஓட்டத்துக்காகவே அப்படி வைத்தது. இங்கே ஏ பெடல் பியை சி ஷார்ப்புக்கும், பி பெடல் ஜி ஷார்ப்பை ஏக்கும் ஏற்றும். இவை இரண்டும் சேர்ந்து தரும் இழுப்புதான் இந்தக் கருவியின் குரல்.

இரண்டு நெக் இருப்பதன் வசதியே, ஒன்றில் கால் ஊன்றிக்கொண்டு இன்னொன்றில் துணிந்து பார்க்கலாம் என்பதுதான். ஆகவே பரிசோதனை எல்லாம் உள்நெக்கில்.

4. உள்நெக்குக்கு என்னென்ன வைக்கலாம்

முதலில் இப்போது இருக்கும் சி6:

ஜி, ஈ, சி, ஏ, ஜி, ஈ, சி, ஏ, எஃப், சி.

இதற்கு மாற்றாக நான் நேரில் வைத்துப் பார்த்தவையும், வைக்கலாமா என்று யோசித்தவையும் கீழே. எல்லாவற்றுக்கும் சம இடம் தரப் போவதில்லை, ஏனென்றால் எல்லாம் சமமில்லை.

பி6. என் பரிந்துரை இதுதான். சி6 முழுவதையும் அப்படியே அரைச் சுரம் இறக்கினால் பி6:

எஃப் ஷார்ப், டி ஷார்ப், பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், டி ஷார்ப், பி, ஜி ஷார்ப், ஈ, பி.

இதில் என்ன விசேஷம் என்றால், வெளிநெக்கின் ஈ9இல் ஈ கம்பிகளை டி ஷார்ப்புக்கு இறக்கும் லீவரை அழுத்துங்கள். இப்போது கையில் இருப்பது பி, டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஜி ஷார்ப். அதாவது பி6. வெளிநெக்கில் ஒரு ஃபிரெட்டில் அந்த லீவரோடு நின்றால், உள்நெக்கில் அதே ஃபிரெட்டில் அதே கார்டு காத்திருக்கிறது. கம்பிகளின் மேல் வைத்து நகர்த்தும் எஃகுப் பாரை நேராகத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தால் போதும். சி6 வைத்திருந்த காலத்தில் நான் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் கழித்துக் கூட்டிக்கொண்டிருந்தேன், பாட்டு போய்விடும்.

இன்னொன்று. ஈ9இன் 1, 2, 5, 6, 7 கம்பிகளும் பி6இன் 1, 2, 3, 4, 5 கம்பிகளும் ஒரே ஸ்தாயியில் ஒரே சுரம். எஃப் ஷார்ப், டி ஷார்ப், பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப். இரண்டு நெக்கையும் ஒன்றோடொன்று சுருதி சேர்க்க இதைவிட வசதி வேண்டுமா? 12 கம்பி ஒற்றை நெக்கில் யுனிவர்சல் என்று வாசிக்கிறார்களே, அதில் ஈ9, பி6 இரண்டையும் ஒரே நெக்கில் வைப்பதும் இதே உறவை வைத்துத்தான்.

ராடு எதையும் மாற்ற வேண்டாம். பெடல்கள் எல்லாம் முன்பு செய்ததையே அரைச் சுரம் கீழே செய்யும். பழைய கம்பிகளே பெரும்பாலும் போதும். குறை என்ன? சி6க்கு எழுதிய பாடங்களில் சொல்லும் ஃபிரெட்டுக்கு ஒன்று கூட்டி வாசிக்க வேண்டும். திறந்த கம்பியில் வாசிக்கச் சொல்லும் இடங்கள் முதல் ஃபிரெட்டுக்குப் போய்விடும், அந்தத் திறந்த ஒலி கிடைக்காது. பத்தாவது கம்பி கொஞ்சம் தொளதொளக்கும். அதைப் பற்றி அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

டி6. முழுச் சுரம் மேலே. பளிச்சென்று இருக்கும் என்ற ஆசையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் கம்பி ஏ, அதாவது 440 ஹெர்ட்ஸ், திறந்த நிலையிலேயே. என் கருவியில் அதை அரைச் சுரம் ஏற்றும் லீவர் வேறு இருந்தது. முடிவு உங்களுக்குத் தெரியும். டி6தான் வேண்டும் என்றால் முதல் கம்பியை முழுச் சுரம் மேலேற்றாமல், 2ஆம் கம்பிக்கும் கீழே விழும்படி ஈ என்று வையுங்கள்.

டி9. ஈ9ஐயே முழுச் சுரம் இறக்கி உள்நெக்கில் வைப்பது. அதே கைப்பழக்கம், இன்னும் கனமான குரல், மேல் கம்பி அறுபடும் பயமும் குறைவு. ஆனால் உள்நெக்கின் பெடல்களையும் ராடுகளையும் முழுதாக மாற்றியாக வேண்டும், வேலை அதிகம். ஒரே மாதிரி இரண்டு நெக் எதற்கு என்று எனக்குப் பட்டது. குரலுக்குத் துணையாக மட்டும் வாசிப்பவர்களுக்கு இது வேறு மாதிரி படலாம்.

பெடலே இல்லாத திறந்த டியூனிங். உள்நெக்கின் ராடுகளைக் கழற்றிவிட்டு, பெடல் இல்லாத டோப்ரோ கிட்டாரில் வைப்பது போல ஜி, பி, டி, ஜி, பி, டி என்று தாழ்விலிருந்து மேலே அடுக்கி, மீதி நாலு கம்பிகளை விருப்பப்படி நிரப்பலாம். உரசி வாசிக்க இனிமையாக இருக்கும். கழற்றிய ராடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டி வையுங்கள்.

ஏ6, அதற்கும் கீழே என்று போக நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: பத்தாவது கம்பி 55 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், 24 அங்குல நெக்கில் அது துணி காயப்போடும் கொடி மாதிரி ஆடும்.

5. கம்பி தாங்குமா என்று காகிதத்திலேயே பாருங்கள்

இதுதான் எனக்கு நான்கு கம்பி செலவில் கிடைத்த பாடம். வெறும் எஃகுக் கம்பி எந்தச் சுருதியில் அறும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: கம்பியின் நீளம், சுருதி, எஃகின் வலு. தடிமன் அதில் கிட்டத்தட்ட வருவதே இல்லை. மெல்லிய கம்பிக்கு அதே சுருதியில் இழுவிசை குறைவு, சரி. ஆனால் அதன் வலுவும் அதே விகிதத்தில் குறைவு. ஆக லாபம் பூஜ்யம்.

பெடல் ஸ்டீல்களின் நெக் நீளம் பெரும்பாலும் 24 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஈ9இன் 3ஆம் கம்பி ஜி ஷார்ப், 415 ஹெர்ட்ஸ். பி பெடல் அதை 440க்கு ஏற்றுகிறது. அந்தக் கம்பிதான் எல்லோருக்கும் அடிக்கடி அறுவது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். ஆகவே விதி எளிது: அட்டவணையில் எந்தக் கம்பியும், எந்தப் பெடல் அழுத்தியிருந்தாலும், 440ஐத் தாண்டக்கூடாது. உங்கள் நெக் 24ஐவிட நீளம் என்றால் இன்னும் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள்.

கீழ்ப்பக்கம் அறுபடாது, தொளதொளக்கும். சி6இன் பத்தாவது கம்பிக்கு 70 கேஜ் வழக்கம். எட்டாவது பெடல் அதை சியிலிருந்து ஏ வரை இறக்கும். பி6இல் அதே பெடல் ஜி ஷார்ப்புக்கு, ஏறத்தாழ 52 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய்விடும். நான் 74 கேஜ் போட்டேன், சரியானது. ஆனால் கேஜை ஏற்றும்போது நெக்கின் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டைக் கவனியுங்கள் (நைலான் நட்டு வேறு, இது வேறு). பல கருவிகளில் நட்டிலுள்ள உருளைகளின் பள்ளம் கம்பியின் தடிமனுக்கு ஏற்ப வெட்டியிருக்கும், எல்லாக் கம்பிகளின் முதுகும் ஒரே மட்டத்தில் வருவதற்காக. தடித்த கம்பி போட்டால் அது மட்டும் தூக்கி நிற்கும், பார் பக்கத்துக் கம்பியைச் சரியாகத் தொடாமல் இரையும். நட்டுக்கு அருகில் ஒரு நேரான அளவுகோலைக் கம்பிகளின் மேல் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெறுங்கம்பியைச் சுற்றுக்கம்பியாக, அதாவது மேலே இன்னொரு இழை சுற்றிய கம்பியாக, மாற்றுவதில் வேறொரு பொறி இருக்கிறது. ஈ9இன் 6ஆம் கம்பியில் 20 வெறுங்கம்பியும் போடுகிறார்கள், 22 சுற்றுக்கம்பியும் போடுகிறார்கள். சுருதி ஒன்றுதான். ஆனால் சுற்றுக்கம்பி அதே அளவு ஏறவும் இறங்கவும் சேஞ்சர் அதிக தூரம் நகர வேண்டும். வெறுங்கம்பியில் சரியாக முழுச் சுரம் இறங்கிய லீவர், சுற்றுக்கம்பி போட்டதும் முக்கால் வழியில் நின்றுவிடும். உள்நெக்கிலும் இதே கதைதான். கேஜை மாற்றும்போது வகையையும் சேர்த்து மாற்றாதீர்கள்.

6. சேஞ்சரில் துளை இருக்கிறதா?

ராடே மாட்ட வேண்டாத பி6க்குப் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

மற்றவர்களுக்கு: சேஞ்சரில் ஒவ்வொரு கம்பிக்கும் ஏற்றுவதற்குச் சில துளைகள், இறக்குவதற்குச் சில துளைகள். மூன்று ஏற்றம் இரண்டு இறக்கம் உள்ள கருவிகள் நிறைய. மூன்றுக்கு மூன்று உள்ளவையும் உண்டு. பழையவற்றில் இரண்டு ஏற்றம் ஒரு இறக்கம் மட்டுமே இருக்கும். உங்கள் புதிய அட்டவணையில் ஒவ்வொரு கம்பிக்கும் எத்தனை கூட்டல், எத்தனை கழித்தல் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே கம்பியை மூன்று பெடல் இறக்க வேண்டும், துளை இரண்டுதான் என்றால் அந்த அட்டவணை காகிதத்தோடு சரி.

லீவர்களிலும் ஒரு பொறி. முழங்கால் லீவரின் குறுக்குத் தண்டு இரண்டு நெக்குக்கும் அடியில் ஓடும், ஆகவே ஒரே லீவரை இரண்டு நெக்கிலும் வேலை வாங்கலாம். இலவசமாகக் கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் வெளிநெக்கில் வாசிக்கும்போதும் நீங்கள் உள்நெக்கின் கம்பிகளையும் சேர்த்துத்தான் இழுக்கிறீர்கள். நான் உள்நெக்கில் மூன்று ராடுகளை ஒரு லீவரில் மாட்டினேன், ஈ9 வாசிக்கும்போது முழங்கால் வலித்தது. ஒரு லீவரில் உள்நெக்குக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு ராடு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு பெடலில் இரண்டு கம்பிகள் ஏறி, ஒன்று முந்தி ஒன்று பிந்தி வந்தால், பெல்கிராங்கின் காடியை மாற்றிப் பாருங்கள். தண்டிலிருந்து தள்ளி இருக்கும் காடியில் மாட்டினால் ராடு அதிக தூரம் நகரும், கம்பி சீக்கிரம் ஏறும், கால் அழுத்தமும் கூடும். சேஞ்சர் துளைகளில் அச்சுக்கு அருகில் இருப்பது வேகமானது, தள்ளி இருப்பது மெதுவானது.

7. செலவு எங்கே போகும்

குறைவிலிருந்து கூடுதலுக்குச் சொல்கிறேன். தனிக் கம்பிகள்தான் மலிவு. மேல் கம்பி மட்டும் நான்கைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள். செட்டாக வாங்கும்போது உறையின் மேல் எழுதியிருக்கும் டியூனிங் உங்களுடையதுதானா என்று பாருங்கள். சி6 செட்டிலேயே மேல் ஜி வைத்தது ஒன்று, மேல் டி வைத்தது ஒன்று என்று இரண்டு வகை வருகிறது. நான் ஒரு முறை மாற்றி வாங்கிவிட்டு, 15 கேஜ் கம்பியை ஜிக்கு முறுக்கிக்கொண்டே போனேன், கை வலித்ததும்தான் உறையைப் பார்த்தேன்.

அடுத்து நைலான் நட்டுகள். பழையவை மரை தேய்ந்து வழுக்கும், ஒரு கைப்பிடி வாங்கி வைப்பது நல்லது. அதற்கு மேல் ராடும் பெல்கிராங்கும். ராடை அளந்து வெட்டிக்கொள்ளலாம், பெல்கிராங்க் அப்படி இல்லை. ஒரு தயாரிப்பாளருடையது இன்னொருவர் கருவியின் தண்டில் உட்காராது. தயாரிப்பு நின்றுபோன கருவி என்றால் அந்தச் சின்ன உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். எனவே அட்டவணையை முடிவு செய்வதற்கு முன்பே, இப்போது கருவியில் சும்மா கிடக்கும் பெல்கிராங்குகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்குள் அடங்கும் அட்டவணையைப் போடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, இதை இன்னொருவரிடம் கொடுத்துச் செய்வது. கூலியைவிட, இந்த எடையுள்ள கருவியை அனுப்பி வாங்கும் செலவு பெரிதாக இருக்கும். நான் ஒருவரிடம் கொடுத்தேன். அட்டவணையை வாயால் சொன்னேன், எழுதித் தரவில்லை. ஐந்து வாரம் கழித்து வந்த கருவியில் இரண்டு பெடல்கள் இடம் மாறியிருந்தன. அவர் மேல் தப்பு சொல்ல என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. கொடுப்பதாக இருந்தால் அட்டவணை இரண்டு பிரதி, அதில் தேதி, அவர் கையெழுத்து.

8. மாற்றும் நாள்

அடுத்த நாள் எங்கும் வாசிக்க வேண்டியிருக்கக்கூடாது. இதை முதலில் உறுதி செய்யுங்கள்.

பி6 என்றால், நடுவில் கம்பியை விட்டுவைக்கும் இரவைச் சேர்க்காமல், மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ராடு மாற்றம் இருந்தால் இரண்டு முழு நாள்.

முதலில் உள்நெக்கின் எல்லா நைலான் நட்டுகளையும் இரண்டு மூன்று சுற்று தளர்த்திவிடுங்கள். பலர் செய்யும் தவறு இங்கேதான். நட்டு இறுகியிருந்தால், பெடலைத் தொடாதபோதே அது சேஞ்சரை லேசாக இழுத்துப் பிடித்திருக்கும். அந்த நிலையில் திறந்த கம்பியைச் சுருதி சேர்த்தால், ஒவ்வொரு முறை பெடல் அழுத்தி விட்டதும் அது வேறு இடத்துக்குத் திரும்பும். டியூனிங் சாவியை முறுக்குவீர்கள், நட்டை முறுக்குவீர்கள், இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். விடிய விடிய இதைச் செய்தவன் சொல்கிறேன்.

கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பத்தையும் ஒரேயடியாகக் கழற்றினால் கருவியின் உடல் தளர்ந்து, போட்டு முடிக்கும்வரை எதுவும் நிலைக்காது. திறந்த சுருதி எல்லாவற்றையும் சாவியில் சேர்த்து, ஒரு இரவு அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் இறங்கியிருக்கும், திரும்பச் சேருங்கள்.

அதன் பிறகே நைலான் நட்டுகள். பெடலை முழுதாக, தடை வரை அழுத்திக்கொண்டு, ஏறிய சுரத்தை நட்டில் சேருங்கள். சுருதி இறங்கியிருக்கும் கம்பி ஏறுவதற்கு முன்னைவிடக் குறைந்த இழுப்பே போதும், அதனால் பழைய இடத்தில் நட்டை வைத்தால் எல்லாம் கூடுதலாக ஏறும், கூடுதலாக இறங்கும். பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு சுரம் எட்டவில்லை என்றால் பெடலின் தடையை ஒரு முறை பாருங்கள். இறக்கத்துக்கான ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான்: கம்பி ஏற ஏற, சேஞ்சரில் சுருதியை இறக்கும் பாகம் தன் இடத்தைவிட்டு நழுவி, ஏற்றத்தைத் தின்றுவிடும்.

கடைசியாக, ஒவ்வொரு பெடலையும் பத்து முறை அழுத்திவிட்டுத் திறந்த சுருதியை மறுபடி பாருங்கள். திரும்பி வருகிறதா? வந்தால் அன்றைய வேலை முடிந்தது.

9. இரண்டு நெக்கையும் ஒன்றோடொன்று சேருங்கள்

டியூனரில் ஊசி நடுவில் நிற்பதை மட்டும் பார்த்துச் சேர்த்தால் ஈ9இல் மேஜர் கார்டு கரகரக்கும். ஈயோடு அலை எழாமல் இழைய, ஜி ஷார்ப் நடுவிலிருந்து ஏறத்தாழ 14 சென்ட் தாழ்ந்திருக்க வேண்டும். சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு. பலரும் இந்தப் பக்கம் சாய்த்துத்தான் வைக்கிறார்கள். சி6, பி6 போன்ற ஆறாம் சுர டியூனிங்கிலோ நாலைந்து சுரங்கள் அடுக்கிய கார்டுகள் அதிகம் வருவதால், நடுவை ஒட்டி வைப்பவர்கள் நிறைய.

ஒரு நெக்கை அப்படியும் இன்னொன்றை இப்படியும் வைத்துவிட்டு, பாட்டின் நடுவில் தாவினால் காதில் உறுத்தும். பி6இல் இது பளிச்சென்று தெரியும், ஏனென்றால் ஐந்து கம்பிகள் ஒரே சுரம். வெளிநெக்கின் 6ஐயும் உள்நெக்கின் 4ஐயும் ஒரு சேர மீட்டிப் பாருங்கள். இரண்டும் ஜி ஷார்ப். இடைவெளி இருந்தால் அலை அலையாகக் கேட்கும். நான் இரண்டு நெக்கிலும் ஜி ஷார்ப்பை 8 சென்ட் தாழ வைத்துவிட்டேன். எந்தக் கார்டும் பளிங்கு மாதிரி இருக்காது, எதுவும் உறுத்தாது. காது கூர்மையானவர்களுக்கு இந்தச் சமரசம் பிடிக்காமல் போகலாம்.

ஏ, பி பெடல்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது தொடாத ஈ கம்பியின் சுருதியையும் பாருங்கள். சில சென்ட் இறங்கும். கருவியின் உடல் இழுப்பில் வளைவதால் வருவது அது, உங்கள் டியூனிங்கின் குறை இல்லை. அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

10. ஒரு மாதம் எதையும் தொடாதீர்கள்

முதல் வாரம் எல்லாம் தப்பாகத்தான் வரும். கால் பழைய இடத்துக்குப் போகும், பார் பழைய ஃபிரெட்டில் விழும். இது சரிப்படாது, வேறு பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். அந்த நேரத்தில்தான் நான் மூன்று டியூனிங் மாற்றினேன், ஒன்றையும் ஒழுங்காகக் கற்கவில்லை.

நன்றாகத் தெரிந்த மூன்று பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மெதுவானது, ஒன்று வேகமானது, ஒன்று நடுவில் நெக் மாற வேண்டியது. தினமும் அரை மணி நேரம் அதே மூன்றும். ஞாயிறுதோறும் பதிவு செய்து தேதி போட்டு வையுங்கள். நான்காவது ஞாயிறு, முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அப்புறம் இரண்டாம் படியில் எழுதிய அந்த ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். குறை தீர்ந்திருந்தால் புதிய அட்டவணையைச் சுத்தமாக எழுதி, கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். தீரவில்லை என்றால் பழைய படங்கள் இருக்கின்றன, பழைய அட்டவணை இருக்கிறது, ஒரு மாலையில் திரும்பிவிடலாம்.